உடம்பு ஏற மாட்டேங்குதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதமாகியும் சட்டை அதே தொளதொளப்புடன் தொங்குகிறது என்றால், "எங்க வம்சமே ஒல்லிதான்" என்று முடிவுகட்ட வேண்டாம். புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏழெட்டுப் பிழைகள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் கையில் இரண்டு பொருள் வேண்டும்: ஒரு எடை மெஷின், ஒரு நாற்பது பக்க நோட்டு.

காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். வாரத்தில் நான்கு நாளாவது பார்த்து, அந்த வாரத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நோட்டில் ஒவ்வொரு பயிற்சியிலும் எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ் (ஒரு செட்டில், அதாவது நிறுத்தாமல் ஒரே தொடராக, எத்தனை தடவை தூக்கினீர்கள்) என்று எழுதுங்கள். மொபைலில் குறித்தாலும் சரிதான், ஆனால் மொபைலைத் திறந்தால் ரீல்ஸ் பார்க்கத் தோன்றும்.

இரண்டு மூன்று வாரம் இப்படி எழுதினாலே பாதிப் பிழை பிடிபட்டுவிடும். உடல் எடையும் ஏறவில்லை, தூக்கும் பாரமும் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் சாப்பாட்டின் மேல்தான். எடை ஏறுகிறது, பாரம் மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் பயிற்சியில் கோளாறு. பாரம் ஏறுகிறது, எடை நகரவில்லை என்றால் பயிற்சி சரி, தட்டில் இன்னும் கொஞ்சம் விழ வேண்டும். இரண்டும் ஏறிக்கொண்டிருந்தால் தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள். யார் எந்த வீடியோவை அனுப்பினாலும் சரி.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். எடை ஏறாமல் இருப்பது வேறு, இருந்த எடை தானாகக் கரைவது வேறு. நன்றாகச் சாப்பிட்டும் மாதாமாதம் எடை குறைந்தால் ஜிம் காத்திருக்கட்டும், டாக்டரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் காசநோய்க்கான பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்வார்கள். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம் இருந்தால் சர்க்கரை. படபடப்பு, கை நடுக்கம், வெயில் தாங்காமை இருந்தால் தைராய்டு. இவை எதுவும் இல்லை என்றால் கீழே வாருங்கள்.

"எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறவே இல்ல"

இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் அவ்வளவு சாப்பிடுவதில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளேட் பிரியாணி அடித்தது மனதில் நிற்கிறது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று செவ்வாய்க்கிழமை விட்ட டிபன் நிற்பதில்லை.

வாயில் போடுவது அத்தனையையும் மூன்று நாள் நோட்டில் எழுதுங்கள். 20 வயது, 170 செ.மீ. உயரம், 55 கிலோ எடையுள்ள கல்லூரிப் பையனின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, சாம்பார், சட்னி: சுமார் 300 கலோரி. பதினொரு மணிக்கு டீயும் பன்னும்: 230. மதியம் ஒரு தட்டுச் சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர்: 570. சாயங்காலம் டீயும் இரண்டு பஜ்ஜியும்: 270. ராத்திரி மூன்று தோசை, சட்னி: 480. கூட்டினால் 1,850 சொச்சம். புரதம் 45 கிராம் தேறினால் அதிகம்.

ஜிம்முக்கும் போய், கல்லூரிக்கும் நடக்கிற அந்த உடம்புக்கு எடை மாறாமல் இருக்கவே ஏறக்குறைய 2,300 கலோரி வேண்டும். ஏற வேண்டுமென்றால் அதற்கு மேல் 300 முதல் 400. புரதம், எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் 88 கிராம். ஆக, "வயிறு முட்டச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லும் அந்தப் பையன் தேவையைவிட 800 கலோரி குறைவாகவும், புரதத்தில் பாதியோடும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இதில் வம்சத்தை இழுக்க என்ன இருக்கிறது?

சரிசெய்வது பயப்படும் அளவுக்குப் பெரிய காரியம் இல்லை. இருக்கிற சாப்பாடு அப்படியே இருக்கட்டும். அதோடு மூன்று அவித்த முட்டை (210 கலோரி, 18 கிராம் புரதம்), கால் லிட்டர் டம்ளரில் இரண்டு தடவை பால் (320 கலோரி, 16 கிராம்), 50 கிராம் வறுத்த வேர்க்கடலை (280 கலோரி, 13 கிராம்), இரண்டு வாழைப்பழம் (200 கலோரி, 2 கிராம்) சேருங்கள். பஜ்ஜியை மட்டும் எடுத்துவிடலாம். கணக்கு 2,650 கலோரிக்கும் 90 கிராம் புரதத்துக்கும் பக்கத்தில் வந்து நிற்கும். இதில் ஒன்றுகூட மளிகைக் கடைக்கு வெளியே தேடிப்போகிற பொருள் இல்லை.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு மீல் மேக்கர் இருக்கிறது. காய்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராமுக்குக் குறையாத புரதம். 30 கிராமை ஊறவைத்துக் குழம்பில் போட்டாலே 15 கிராம் வந்துவிடும். பன்னீர் 100 கிராமுக்கு 18 கிராம் தரும், ஆனால் விலை கடிக்கும். சாம்பாரை நம்பி மோசம் போகாதீர்கள். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு இருந்ததா என்பதே விவாதத்துக்குரியது.

அசைவக்காரர்கள் செய்யும் தவறு வேறு: வாரம் ஒரு நாள் அரைக்கிலோ கறியை ஒரே மூச்சில் அடித்துவிட்டு, மற்ற ஆறு நாள் ரசம் சோறு. தினமும் ஒரு வேளையாவது மீனோ கோழியோ முட்டையோ வரட்டும். மத்தி மலிவான மீன், 100 கிராமுக்கு 20 கிராம் போலப் புரதம், கூடவே நல்ல கொழுப்பு. வஞ்சிரம்தான் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் ஒல்லிகளைக் கெடுக்கிறது: மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவது. போட்டிக்குத் தயாராகும் பாடிபில்டர் கொழுப்பைக் கரைக்க அப்படிச் செய்கிறார். உங்களுக்குக் கரைக்க என்ன இருக்கிறது? முட்டையின் 70 கலோரியில் வெள்ளைக் கருவில் இருப்பது 17தான். புரதத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மஞ்சளில்தான் இருக்கிறது. அப்புறம், பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றும் வீரம். வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் போல உடம்பில் சேரும், பச்சையில் பாதிதான் சேரும். அதிலிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றி வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு வாரத்தில் மூன்று கிலோ இறங்கிவிடும்.

"இதுக்கு மேல இறங்க மாட்டேங்குது"

கணக்குப் புரிந்தது, ஆனால் பசி இல்லை. ஒல்லியானவர்களின் உண்மையான சிக்கல் பெரும்பாலும் இதுதான்.

பசியைக் கெடுப்பது எது என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னால் குடித்த டீ, தட்டு முன் உட்கார்ந்ததும் அடித்த அரை லிட்டர் தண்ணீர், சிகரெட். முதல் இரண்டையும் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அடுத்து, வயிற்றில் இடம் அடைக்காமல் கலோரியைக் கூட்ட வேண்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்று பெரியவர்கள் சொன்னது வெறும் எதுகைக்காக இல்லை. எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். 100 கிராமில் 570 கலோரி இருக்கிறது. கொள்ளில் அதில் பாதிக்குச் சற்று மேலே. இட்லிப் பொடியில் குழைக்கும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி, அதாவது இன்னும் இரண்டு இட்லிக்குச் சமம். வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. சோற்றில் ஒரு ஸ்பூன் நெய், மாலையில் இரண்டு எள்ளுருண்டை அல்லது கடலைமிட்டாய், தயிர் சாதத்துக்குக் கெட்டித் தயிர் என்று போகலாம்.

அதுவும் முடியாதவர்கள் குடிக்கலாம். கால் லிட்டர் பால், இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, இரண்டு பேரீச்சை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தால் 550 கலோரிக்கு வரும். மென்று தின்றால் அரை மணி ஆகும், குடித்தால் ஐந்து நிமிஷம். இதைச் சாப்பாட்டுக்கு முன் குடித்தால் சாப்பாடு இறங்காது. சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, படுக்கப் போகும் முன்னோ குடியுங்கள்.

நாளைக்கே 800 கலோரியைக் கூட்டப் பார்க்காதீர்கள். முதல் வாரம் பாலும் பழமும், அடுத்த வாரம் முட்டை, அதற்கடுத்து கடலை. வயிறு பழகிக்கொள்ளும்.

"நேத்து ஒரு கிலோ ஏறுச்சு, இன்னைக்கு இறங்கிடுச்சு"

அது தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை. தண்ணீர், உப்பு, குடலில் இருக்கும் சாப்பாடு. கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒன்றரை கிலோ கூடுவதும், பேதியான மறுநாள் இரண்டு கிலோ குறைவதும் சாதாரணம். சராசரியை மட்டும் பாருங்கள். மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ ஏறினால் புதியவருக்கு நல்ல வேகம். இரண்டு வாரச் சராசரி அசையவே இல்லை என்றால் 200 கலோரி கூட்டுங்கள். ஒரு டம்ளர் பாலும் ஒரு உருண்டையும் போதும். அசைந்தால் சும்மா இருங்கள்.

"எடை ஏறுது, ஆனா தொப்பையிலதான் போய் உக்காருது"

கை குச்சி, கால் குச்சி, நடுவில் மட்டும் பானை. நம் ஊரில் இது நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு: தெற்காசிய உடலின் இந்தப் போக்கைப் பற்றித்தான் யாஜ்னிக் பல காலமாகச் சொல்லிவருகிறார்.

அதனால் "கண்டதையும் தின்னு, அப்புறம் குறைச்சுக்கலாம்" என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்மவர்கள் அப்படியே பின்பற்றினால் பரோட்டாவும் சால்னாவும் நேராக இடுப்புக்குப் போகும். இந்த அறிகுறி இருந்தால் மூன்று விஷயத்தைச் சோதியுங்கள்.

எடை எவ்வளவு வேகமாக ஏறுகிறது? மாதத்துக்கு இரண்டு கிலோவைத் தாண்டினால் உபரிக் கலோரி அதிகம், 200 முதல் 300 கலோரி குறையுங்கள். புரதம் வருகிறதா? உபரி முழுக்கச் சோறாகவும் சர்க்கரையாகவும் இருந்தால் தசைக்குச் செங்கல் இல்லை. மூன்றாவது, நோட்டில் பாரம் ஏறியிருக்கிறதா? இதில்தான் பெரும்பாலோர் மாட்டுவார்கள். தசை வளர வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதபோது உடம்பு மிச்சத்தைக் கொழுப்பாகத்தான் சேர்த்துவைக்கும்.

இடுப்பளவை மாதம் ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்துக் குறியுங்கள். நான்கு கிலோ ஏறி இடுப்பு இரண்டு செ.மீ. கூடினால் கவலை இல்லை. நான்கு கிலோவுக்கு ஆறு செ.மீ. என்றால் மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். சோற்றை அடியோடு நிறுத்துவது இதற்கு மருந்து இல்லை. சோறு இல்லாமல் ஸ்குவாட் (தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) போடப் போனால் இரண்டாவது செட்டிலேயே கண் இருட்டும்.

"ஆறு மாசமா அதே 7.5 கிலோ டம்பெல்"

பயிற்சிப் பிழைகளில் தலையாயது இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் முன்னால் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டால் வீரன், பெண் கொடுப்பார்கள் என்பார்கள். கல்லின் எடை மாறாது. தூக்க முடிந்த நாளோடு அதன் வேலை முடிந்தது. ஜிம்மில் தகடு மாட்டிக் கழற்றும்படி பார்பெல்லை வைத்திருப்பதன் முழுக் காரணமும் அந்த எடையை மாற்ற முடியும் என்பதுதான். மாற்றாமல் தூக்கினால், முதல் இரண்டு மாதத்துக்கு மேல் உடம்புக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

நடைமுறை இப்படி. பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து பாரத்தை மேலே தள்ளுவது) 30 கிலோவில் மூன்று செட் போடுகிறீர்கள்; இன்று 9, 8, 7 ரெப்ஸ் வந்தது. எழுதுங்கள். அடுத்த முறை 10, 8, 8. அடுத்து 10, 10, 9. மூன்று செட்டும் 10 வந்ததும் எடையைக் கூட்டுங்கள். ரெப்ஸ் மறுபடி 7, 6க்கு இறங்கும், திரும்ப ஏற்றுங்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

பக்கத்துத் தெரு ஜிம்மில் ஒரு சிக்கல் வரும். 1.25 கிலோ தகடு இருக்காது; இருந்த ஒரு ஜோடியும் எந்த மிஷினுக்கு அடியில் போனதோ. சின்னது 2.5 கிலோ என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே தாவலில் 5 கிலோ ஏறும். டம்பெல்லும் 7.5இலிருந்து நேராக 10க்குப் போகும், அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அப்படிப்பட்ட இடத்தில் 10 ரெப்ஸோடு தாவாதீர்கள். 12, 13 வரை ஏற்றிவிட்டுத் தாவுங்கள். அல்லது முதல் செட்டை மட்டும் புதிய எடையில் போட்டு, மற்ற இரண்டையும் பழையதில் போடலாம்.

இன்னொன்று, கை கொடுத்துத் தூக்கிய ரெப்ஸ். "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு, நீதான் தூக்குற" என்று மாஸ்டர் கத்துவார். பார்பெல்லின் பாதி எடை அவர் கையில் இருக்கும். அவருக்கு நல்ல ட்ராப்ஸ் (கழுத்தடித் தசை) வளரும். யாரும் தொடாமல் நீங்களே முடித்த ரெப்ஸ் மட்டும்தான் நோட்டில் ஏற வேண்டும். இன்னும் ஒன்றோ இரண்டோ போடலாம் என்ற நிலையில் நிறுத்தினால் போதும், ஒவ்வொரு செட்டிலும் சாக வேண்டாம். ஆனால் 12 ரெப்ஸ் முடித்துவிட்டு இன்னும் 10 போடும் தெம்போடு பக்கத்தில் இருப்பவரிடம் கதை பேசினால் அது செட் இல்லை, வார்ம்-அப்.

அட்டவணையையும் பாருங்கள். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று ஒரு நாளைக்கு ஒரு பாகம் வைத்து நெஞ்சுக்கு மட்டும் ஆறு வகைப் பயிற்சி போடுவது நம் ஜிம்களில் கிட்டத்தட்டச் சட்டம். புதியவருக்கு இது வீண் என்பது என் கருத்து. ஒரு தசைக்கு வாரத்தில் இரண்டு முறை வேலை கொடுப்பது நல்லது. நடுவில் ஒரு நாள் லீவு போட்டாலும் "இந்த வாரம் செஸ்ட்டே போகலை" என்ற நிலை வராது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங் (பாரத்தை உடம்பை நோக்கி இழுப்பது) ஒரு நாள்; டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலிருந்து கீழே இழுப்பது) அடுத்த முறை, மாற்றி மாற்றி. ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு நடுவே இரண்டு நிமிஷம் ஓய்வு. கடைசியில் பைசெப்ஸுக்கு இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள், ஆசையைக் கெடுப்பானேன்.

பணம் கட்ட வசதி இல்லையா? தண்டாலும் பஸ்கியும் போதும், ஆனால் அதே விதி. 20 தண்டால் சுலபமானதும் காலைத் திண்ணையில் தூக்கி வைத்துப் போடுங்கள், அப்புறம் முதுகில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு. நூறு பஸ்கி போடுவதைவிட ஒற்றைக் காலில் எட்டு போடுவது தசைக்குக் கடினம்.

மாதம் ஒரு புது அட்டவணை மாற்றுபவர்களுக்கு நோட்டு எழுதியும் பயனில்லை. ஒப்பிட முந்தைய எண் இருக்காதே.

"பலம் கூடுது, கண்ணாடியில ஒண்ணும் தெரியல"

முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் வேலை: இருக்கிற தசையை முழுசாக இயக்க உடம்பு கற்றுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். தினமும் பார்க்கும் உங்களுக்குத் தெரியாது. தீபாவளிக்குப் பார்த்துவிட்டுப் பொங்கலுக்குப் பார்க்கும் சித்தப்பா சொல்வார். மாதம் ஒரு தடவை ஒரே இடம், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஜிம் முடிந்த உடனே எடுக்காதீர்கள். அப்போது ரத்த ஓட்டத்தால் புடைத்திருப்பது ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும்.

பேண்ட் மட்டும் இன்னும் தொளதொளவென்று இருந்தால் காரணம் உங்களுக்கே தெரியும்: காலுக்குப் பயிற்சி போடுவதில்லை. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன. "நான் ஃபுட்பால் ஆடுறேன், காலுக்கு அது போதும்" என்பது போதாது. ஆட்டத்தையும் நிறுத்த வேண்டாம். ஆடுகிற நாளில் கூடுதலாக ஒரு சாப்பாடு போட்டுக்கொள்ளுங்கள்.

"வலிக்குது"

எங்கே, எப்படி என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை முழுக்கப் பரவிய மந்தமான வலி, படி இறங்கும்போது தொடை இழுப்பது: இது புதுப் பயிற்சியின் கூலி, மூன்று நாளில் போய்விடும். வலி இல்லாததால் தசை வளரவில்லை என்று அர்த்தம் இல்லை. சில வாரங்களில் இந்த வலி குறைந்துவிடும், வளர்ச்சி நிற்காது.

பெஞ்ச் பிரஸ்ஸில் தோள் மூட்டின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினால் முழங்கையைப் பாருங்கள். உடம்புக்கு நேர் குறுக்காக, சிலுவை மாதிரி விரிந்திருக்கும். உடம்போடு 45 முதல் 60 டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்த்து பெஞ்சில் அழுத்திய பிறகு பாரத்தை எடுங்கள். பார்பெல் கழுத்துப் பக்கம் வராமல், நெஞ்சின் கீழ்ப் பாதியில் தொட வேண்டும்.

டெட்லிஃப்ட்டில் கீழ் முதுகு பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் பார்பெல் காலிலிருந்து தள்ளி நிற்கிறது. தூக்கும்போது அது முழங்காலுக்குக் கீழே எலும்பை உரசியபடிதான் மேலே வர வேண்டும். தூக்கும் முன் மூச்சை வயிற்றுக்குள் இழுத்து இறுக்குங்கள். பக்கவாட்டில் நண்பரை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்; முதுகு வில்லாக வளைந்தால் எடையை 20 கிலோ குறையுங்கள். வலி காலுக்குள் இறங்கினால், மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அவசரமான அறிகுறி ஒன்று உண்டு. நீண்ட நாள் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே வெறி பிடித்த மாதிரி பயிற்சி செய்து, அடுத்த ஓரிரு நாளில் தசை கல்லாக வீங்கி, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. இளநீர் குடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்கக் கூடாது.

"வயிறு உப்புசம், கேஸ்"

பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு கடமுடவென்றால் லாக்டோஸ் (பாலில் இருக்கும் சர்க்கரை) ஒத்துக்கொள்ளவில்லை. நம்மில் பலருக்கு இது உண்டு. தயிருக்கு மாறுங்கள், பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். வே புரோட்டீன் என்ற பால் புரதப் பவுடரிலும் ஐசோலேட் (கூடுதலாகச் சுத்திகரித்த) வகையில் லாக்டோஸ் குறைவு. சுண்டலால் என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவையுங்கள். கால் கப்பில் தொடங்குங்கள். ஒரே நாளில் நார்ச்சத்தை இரட்டிப்பாக்கினால் யாருக்குமே உப்பும்.

"நல்லாத்தான் சாப்பிடுறேன், செய்றேன், ஆனா எப்பவும் அசதி"

தூக்கத்தைக் கேளுங்கள். ராத்திரி ஒன்றரை மணிவரை பப்ஜி, காலை ஐந்தரைக்கு ஜிம் என்றால் எந்த அட்டவணையும் காப்பாற்றாது. ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அன்று அவ்வளவு தூங்க வழியில்லை என்றால் ஜிம்மை சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். வாரம் ஆறு நாள் போகிறவர் நான்காகக் குறைத்துப் பார்க்கட்டும், பாரம் ஏறுவதைக் கண்டு ஆச்சரியப்படுவார்.

"பவுடர் குடிச்சேன், ஒரே மாசத்துல ஆறு கிலோ"

பவுடரில் மூன்று ரகம் இருக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

மாஸ் கெய்னர் என்று பெரிய டப்பாவில் வருவது பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. விஷம் இல்லை, பண விரயம். பின்பக்கச் சிட்டையில் புரதம் எவ்வளவு, மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். அதே கலோரி பாலும் வாழைப்பழமும் கடலையும் போட்ட டம்ளரில் பல மடங்கு மலிவாகக் கிடைக்கும்.

வே புரோட்டீன் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். சாப்பாட்டில் 90 கிராம் எட்டிவிட்டால் தேவை இல்லை, எட்டாதபோது வசதி. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் உண்மையிலேயே பலன் உண்டு. முதல் வாரங்களில் ஏறும் ஒரு கிலோ, இரண்டு கிலோ தசைக்குள் சேரும் தண்ணீர், அதை வைத்துச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். இதை எடுக்கும்போது ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் அளவு) சற்றுக் கூடிக் காட்டலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதை வாங்கினாலும் டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை அவர்களின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து. பெயர் தெரியாத டப்பா, "மூலிகை", "பக்க விளைவே இல்லை", "15 நாளில் எடை". குடித்தவுடன் அசுரப் பசி, பகலெல்லாம் தூக்கம் என்றால் உள்ளே சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து இருக்கலாம். முகம் மட்டும் நிலா மாதிரி உருண்டு, கால் வீங்கி, வயிற்றில் செந்நிறக் கோடுகள் விழுந்தால் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கச் சந்தேகப்பட வேண்டும். ஏறியது தண்ணீரும் கொழுப்பும்தான். இவ்வகை ஸ்டீராய்டு தசையை வளர்க்காது, அரிக்கும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

பல வாரம் குடித்திருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோனை அதற்குள் நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது வரை போகலாம். மிச்சமிருக்கும் பவுடரோடு டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு பொதுநல மருத்துவரிடம் போங்கள். எத்தனை ஸ்பூன், எத்தனை வாரம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று அவர் எழுதித் தருவார்.